கோர்ஸுக்குக் காசு கட்ட முன்னம்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். கட்டாரில் ஐந்து வருடம் பைப் வேலை, கையில் ஒரு சான்றிதழும் இல்லை, மனைவியின் விசாவில் இங்கிலாந்து வந்து எட்டு மாதம், "எட்டு வாரத்தில் பிளம்பர் ஆகலாம்" என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டுக் காசு கட்டலாமா என்று கேட்கிறீர்கள். கூடவே வாடகை, குளிர், பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று ஒரு பட்டியலும் இருக்கிறது. அதுக்கெல்லாம் பதில் சொல்ல நூறு பேர் வருவார்கள், குளிருக்கு நல்ல சப்பாத்து வாங்குங்கள், அவ்வளவுதான். விளம்பரத்தைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன், ஏனென்றால் 2004-இல் அதே குழியில் விழுந்தவன் நான்.

கட்ட வேண்டாம்.

இங்கே பிளம்பர் என்று பெயர் போட்டுக்கொள்ள எந்தச் சட்டமும் தடை இல்லை. நாளைக்கே ஒரு வான் வாங்கி, பக்கத்தில் பெரிதாக எழுதிக்கொண்டு ஓடலாம், ஒருவரும் பிடிக்க மாட்டார்கள் (காஸ் வேலை வேறு, அதற்குப் பிறகு வருகிறேன்). அதனால்தான் இந்தக் கோர்ஸ் வியாபாரம் இவ்வளவு நன்றாக ஓடுகிறது. அவர்கள் பொய் சொல்வதில்லை, பாதியை மட்டும் சொல்வார்கள். எட்டு வாரம் முடிய ஒரு சான்றிதழ் தருவார்கள், சிலவேளை தொழிற்சான்றிதழ் வழங்கும் பெரிய நிறுவனமான சிட்டி அண்ட் கில்ட்ஸின் பெயரும் அதில் இருக்கும், உண்மையான சான்றிதழ்தான், ஆனால் அது வகுப்பறைச் சான்றிதழ். ஆள் எடுப்பவன் கேட்பது என்.வி.கியூ. என்ற தொழில் தகுதி, லெவல் 2, இன்னும் நல்லது லெவல் 3. அதை வகுப்பில் உட்கார்ந்து எடுக்க முடியாது. வேலைத்தளத்தில், தண்ணீர் ஓடும் குழாயில் நீங்கள் செய்த வேலையை மதிப்பீட்டாளர் பார்க்க வேண்டும், படம், குறிப்பு, கூட நின்றவரின் கையெழுத்து என்று ஒரு கோப்பு சேர்க்க வேண்டும். வேலை இருந்தால்தான் என்.வி.கியூ., அது இருந்தால்தான் வேலை. இந்த முடிச்சைப் பற்றி விளம்பரத்தில் ஒரு வரிகூட இருக்காது.

நான் வந்தது 2003-இல். அப்போது பிளம்பருக்கு இங்கே பொன்னாய்க் கொட்டுகிறது என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த காலம், நானும் நம்பி, சீட்டுக் காசை முன்னுக்கு எடுத்துக் கட்டினேன். கோர்ஸில் கிடைத்தது மூன்று பக்கமும் பலகை அடித்த ஒரு கூண்டு, அதில் ஒரு கைகழுவும் தொட்டி, எங்கேயும் போய்ச் சேராத இரண்டு பைப். எனக்கு முன்னம் படித்தவர்கள் ஆணி அடித்த ஓட்டைகளுக்கு நடுவே நானும் ஓட்டை போட்டேன். முடித்துவிட்டு ஊரில் உள்ள கம்பெனிக்கெல்லாம் போன் அடித்தால் எல்லாரும் ஒரே கேள்விதான், சைட்டில் எத்தனை வருடம்? அந்தச் சான்றிதழைப் பையில் வைத்துக்கொண்டு ஒன்றரை வருடம் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை பார்த்தேன்.

கடைசியில் வேலை கிடைத்ததும் அங்கேதான். கூரையில் செப்புக் குழாய் கட்டிய வானில் விடியற்காலையில் டீசல் அடிக்க வரும் ஒரு ஐரிஷ் கிழவர், அவரும் இருபது வயதில் இங்கே பிழைக்க வந்தவர். வெட்கத்தை விட்டுக் கேட்டேன். மேட்டாக, அதாவது கையாளாக, வரச் சொன்னார். முதல் நாள் 15 மில்லிமீட்டர் பைப்பும் ஒரு எல்போவும், அதாவது வளைவு மூட்டும், தந்து ஒட்டச் சொன்னார். ஒட்டினேன், வெளியே வெள்ளி மோதிரம் போல மினுங்கியது, எனக்குப் பெருமை தாங்கவில்லை. மனுஷன் ஒன்றும் பேசாமல் இரும்பு அரியும் வாளை எடுத்து எல்போவை நீளவாக்கில் அரிந்து விரித்துக் காட்டினார். உருக்கி ஒட்டும் சோல்டர் மூட்டின் விளிம்பில் மட்டும் நின்றிருந்தது, உள்ளே முக்கால்வாசி கறுத்துக் காய்ந்த ஃபிளக்ஸ், ஒட்ட முன் பூசும் பசை. நான் நெருப்பை ஒரு பக்கமே பிடித்திருக்கிறேன். சோல்டர் சூட்டைத் தேடித்தான் ஓடும், எல்போவைச் சுற்றிச் சூடாக்கினால் தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று காட்டிவிட்டு அடுத்ததைத் தந்தார். மூன்று நாள், நான் ஒட்டுவதும் அவர் அரிவதும். எட்டு வாரக் கூண்டில் ஒருத்தரும் ஒட்டிய இடம் ஒன்றைக்கூட அரிந்து பார்க்கவில்லை.

உங்களுக்குக் கட்டார் அனுபவம் இருக்கிறது, அது பெரிய பலம், ஆனால் அதை வைத்து நெஞ்சை நிமிர்த்தாதீர்கள். வளைகுடாவில் வேலை பழகி வந்த கெட்டிக்காரர்கள் பலர் இங்கே வழுக்கி விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். பழைய வீடுகளில் குளிர்தண்ணீர் நேரே தெருக்குழாயில் இருந்து வரும், சுடுதண்ணீரோ கூரைக்குள் இருக்கும் தொட்டியின் அழுத்தத்தில் வரும். இது விளங்காமல், நான் தனியாகப் போன முதல் வேலையில் சமையலறைக்குக் கீழே இருந்த ஸ்டாப்காக்கை, அதாவது தெருத்தண்ணீரை நிறுத்தும் வால்வை, பூட்டிவிட்டு, எல்லாம் நின்றுவிட்டது என்ற துணிச்சலில் குளியலறைச் சுடுதண்ணீர்க் குழாயைக் கழற்ற, மேலே இருந்த தொட்டி முழுதும் என் மடியில் இறங்கியது, கீழ் வீட்டுச் சீலிங்கும் நனைந்தது, வீட்டுக்காரி துவாய்களைக் கொண்டு வந்து போட்டுக்கொண்டே இருந்தாள். அவள் ஒரு சொல்லும் திட்டவில்லை, அதுதான் இன்னும் சுடுகிறது.

சரி, உங்கள் வழி என்ன? அப்ரென்டிஸ், அதாவது வேலை செய்துகொண்டே தொழில் பழகுபவர், என்றால் இங்கிலாந்தில் நாலு வருடக் கணக்கு, வயது எல்லை இல்லை, ஆனால் அரசு செலவில் என்றால் புதிதாக வந்த பலருக்கு மூன்று வருட வதிவிட விதி குறுக்கே நிற்கும். உங்களுக்குப் பொருத்தம் அனுபவமுள்ள தொழிலாளிக்கான மதிப்பீடு. வகுப்புக்குப் போகாமல், நீங்கள் வேலை செய்யும் தளத்துக்கே ஆள் வந்து பார்த்து என்.வி.கியூ.வுக்கு மதிப்பிடுவார்கள். அதுக்கும் இங்கே ஒரு வேலை வேண்டும், ஆகவே முதலில் மேட் வேலை தேடுங்கள். கட்டிடத் தளத்துக்குள் போக சி.எஸ்.சி.எஸ். அட்டை கேட்பார்கள், உடலுழைப்பாளிக்கான பச்சை அட்டையை ஒரு சின்னப் பாதுகாப்புக் கோர்ஸும் பரீட்சையும் எழுதி எடுக்கலாம், காசு செலவழிப்பதானால் அதற்குச் செலவழியுங்கள். கட்டார் முதலாளியிடம் என்ன வேலை, எத்தனை வருடம் என்று கடிதம் வாங்கி வையுங்கள். முதல் நாளில் இருந்தே தொடங்க முன், நடுவில், முடிந்த பின் என்று படம் எடுங்கள், எல்லாவற்றையும் சுவருக்குள் மூடிய பிறகு யோசித்துப் பிரயோசனமில்லை.

அடுத்தது எங்கள் ஆட்கள். கோபிக்கக் கூடாது, அனுபவத்தைச் சொல்கிறேன். ஐரிஷ் கிழவர் ஓய்வெடுத்த பிறகு எங்கட ஆள் ஒருவரிடம் ஏழு மாதம் நின்றேன். தம்பி தம்பி என்று தேன் ஒழுகும், ஒவ்வொரு கிழமையும் இருபது வீதம் வெட்டுவார். கட்டிட வேலையில் துணை ஒப்பந்தக்காரருக்கு சி.ஐ.எஸ். என்ற திட்டத்தில் வரி வெட்டுவது முறைதான், பதிவு செய்தவருக்கு 20 வீதம், பதியாதவருக்கு 30. ஆனால் வெட்டியதற்கு எழுத்தில் கணக்குத் துண்டு தர வேண்டும். எனக்கு ஒரு துண்டும் வரவில்லை, வருடக் கடைசியில் கணக்குக் காட்டப் போனால் வெட்டிய காசு அரசுக்கே போகவில்லை. அவர் என் கோப்பிலும் ஒரு கையெழுத்து வைக்கவில்லை, ஏழு மாத வேலை என்.வி.கியூ. கணக்கில் சுத்தமாகப் போச்சுது. துண்டு தராத இடத்தில் ஒரு மாதத்துக்கு மேல் நிற்காதீர்கள், சொந்த மாமாவாக இருந்தாலும்.

காஸுக்கு வருகிறேன். காஸ் வேலை செய்பவர்கள் பதிய வேண்டிய பதிவேடு, நான் தொடங்கும்போது கோர்கி என்று இருந்தது, 2009 ஏப்ரல் 1 முதல் காஸ் சேஃப் பதிவேடு. அதில் பதியாமல் காசு வாங்கிக்கொண்டு பொய்லரில் கை வைப்பது குற்றம். பதிந்தவருக்குத் தரும் அட்டையின் பின்பக்கத்தில் எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று எழுதியிருக்கும், அந்தத் தகுதியையும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். நீங்கள் பைப் வேலை தெரிந்தவர் என்று தெரிந்தவுடன் கோயிலிலும் கலியாண வீட்டிலும் பிடித்து, "தம்பி, பொய்லரை ஒருக்கால் மாற்றித் தாருமன், மலிவாய்" என்பார்கள். இதே ஆட்கள்தான் என்னைப் பைப்புக்காரன் என்று சிரித்தவர்கள், இப்போது ஞாயிறு காலையில் போன் எடுப்பதும் அவர்கள்தான். காபன் மொனோக்சைட்டுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை, ஒரு குடும்பமே நித்திரையில் போய்விடும். முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லிப் பழகுங்கள். நானே காஸ் தகுதி எடுக்க 2011 ஆனது.

டிரைவிங்கும் கேட்டிருந்தீர்கள். இலங்கை லைசென்ஸில் இங்கே குடியேறிப் பன்னிரண்டு மாதம்தான் ஓடலாம், உங்களுக்கு நாலு மாதம் மிச்சம். பரீட்சையை மனுவல் காரில் எடுங்கள், ஆட்டோவில் எடுத்தால் ஆட்டோ மட்டுந்தான் ஓடலாம், வேலைக்குத் தரும் வான் பெரும்பாலும் கியர் வான்.

இன்னும் மனம் கேட்காவிட்டால் அந்தக் கோர்ஸ்காரருக்கு போன் அடித்து ஒன்றே ஒன்று கேளுங்கள், என்.வி.கியூ. கோப்புக்கு வேண்டிய தள வேலையை நீங்களே ஏற்பாடு செய்வீர்களா, அதை எழுத்தில் தருவீர்களா என்று. என்ன சொன்னார்கள் என்று இங்கே வந்து எழுதுங்கள்.