ஓடைக்கரை முகாமும் மக்கும் சோப்பும்

கேள்வி: மலையேற்றக் குழுக்களைக் காட்டில் இரவு தங்க வைக்கிறோம். எல்லோருக்கும் மக்கும் சோப்புதான் தருகிறோம். அதை ஓடையில் பயன்படுத்தலாம்தானே? கழிவறை இல்லாத இடத்தில் என்ன ஏற்பாடு செய்வது?

பதில்: கூடவே கூடாது. மக்கும் சோப்பை மக்க வைப்பது மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள். ஓடையில் கலந்தால் அது தவளைகளையும் நீர்ப்பூச்சிகளையும் பாதிக்கும். வாளியில் தண்ணீர் மொண்டு, ஓடையிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளிப்போய்க் குளிக்கச் சொல்லுங்கள். பாத்திரம் கழுவிய நீரை வடிகட்டி, பருக்கைகளைக் குப்பைப் பையில் போட்டுக்கொண்டு, நீரை மட்டும் பரவலாக மண்ணில் வீசுங்கள். ஒரே இடத்தில் கொட்டினால் வாசனைக்கு விலங்குகள் வரும். முகாமில் தீனி கிடைக்கும் என்று பழகிவிட்டால் அவற்றுக்கும் ஆபத்து, அடுத்து வரும் குழுவுக்கும் ஆபத்து.

மலம் கழிக்க ஆளுக்கொரு சிறு மண்வெட்டி தேவையில்லை, குழுவுக்கு இரண்டு போதும். நீர்நிலை, பாதை, முகாம் மூன்றிலிருந்தும் 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழக் குழி தோண்ட வேண்டும். அதைவிட ஆழமாகப் போனால் மண்ணில் நுண்ணுயிர்கள் குறைவு, மக்கத் தாமதமாகும். ஆழம் குறைந்தால் விலங்குகள் கிளறிவிடும். ஈரத்துடைப்பான்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக் இழை. அவற்றையும் நாப்கின்களையும் புதைக்கவே விடாதீர்கள். மூடியுள்ள டப்பாவில் திரும்ப எடுத்து வாருங்கள். பாறைநிலத்திலும் பனிமலையிலும் குழிமுறை பலிக்காது. அங்கே மலத்தையும் பையில் கட்டிக் கீழே கொண்டுவருவதுதான் ஒரே வழி. புறப்படும் முன்பே இதைப் பயணிகளிடம் கூச்சமில்லாமல் சொல்லிவிடுங்கள்.