கொரிய சாஜுவில் நான் பாம்பு ஆண்டா, குதிரை ஆண்டா?

1990 பிப்ரவரி 1 அன்று சென்னையில் பிறந்த உங்களை ஒரு செயலி குதிரை ஆண்டு என்கிறது, சாஜு (பிறந்த நேரத்தை வைத்துப் பலன் சொல்லும் கொரிய ஜோதிட முறை) பார்ப்பவர் பாம்பு ஆண்டு என்கிறார், எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். சாஜு கணக்குப்படி பாம்பு ஆண்டுதான். (அங்கே ஆண்டுகளுக்கும் மாதங்களுக்கும் பன்னிரண்டு விலங்குகளின் பெயர்கள் சுற்றிச் சுற்றி வரும்.)

அந்த வருடம் சந்திரப் புத்தாண்டு ஜனவரி 27-லேயே வந்துவிட்டது. செயலி அதை வைத்துச் சொல்லியிருக்கும். ஆனால் சாஜு சூரியனைப் பார்க்கிறது. சூரியனின் பாதையை 15 பாகை வீதம் பிரித்தால் வரும் 24 பருவப் புள்ளிகளுக்கு ஜொல்கி என்று பெயர். ஆண்டு மாறுவது 'இப்சுன்' அன்று. சூரியன் 315 பாகையைத் தொடும் அந்த நேரம் பிப்ரவரி 4 வாக்கில் வரும். நீங்கள் அதற்கு முன்பே பிறந்துவிட்டீர்கள்.

மாதங்களும் இப்படித்தான். 24-ல் ஒன்றுவிட்டு ஒன்றாக 12 புள்ளிகள் மட்டுமே மாதத்தைத் தொடங்கிவைக்கின்றன. கொரியர்கள் சிவப்புப் பயற்றுக் கஞ்சி குடிக்கும் டிசம்பர் மாத 'தோங்ஜி' எவ்வளவு பெரிய நாள்! ஆனாலும் அன்று மாதம் மாறாது. அது எலி மாதத்தின் நடுவில் வருகிறது. நம் பஞ்சாங்கத்திலும் சூரியனை வைத்துத்தான் மாதம் பிறக்கிறது. ஆனால் நாம் நட்சத்திரங்களை ஒட்டிக் கணக்கிடுகிறோம், ஜொல்கி சம இரவு நாளை ஒட்டியது. அதனால் அங்கே மாதம் பருவத்தை விட்டு நகர்வதே இல்லை.

எனக்கு சாஜுவில் மிகவும் பிடித்த இடம் இதுதான். பிறந்த நேரத்தை எட்டு எழுத்துகளாக எழுதுவார்கள்: ஆண்டு, மாதம், நாள், மணி ஒவ்வொன்றுக்கும் மேலே ஒன்று, கீழே ஒன்று. அதில் மாதத்தின் கீழெழுத்துக்குத்தான் எடை அதிகம், ஏனென்றால் அதுதான் பருவம். ஒவ்வொரு பருவத்துக்கும் ஐந்து கூறுகளில் ஒன்று உண்டு: வசந்தம் மரம், கோடை நெருப்பு, இலையுதிர்காலம் உலோகம், குளிர்காலம் நீர். ஒவ்வொரு பருவத்தின் கடைசி மாதமும் மண். (நம் பஞ்சபூதத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கே காற்றும் ஆகாயமும் கிடையாது.)

உங்களுடையது எருது மாதம், அதாவது மண். ஆனால் அது ஈரமும் குளிரும் நிறைந்த, உறைந்த மண். இங்கேதான் 'ஜோஹு' என்ற தட்பவெப்பச் சமநிலை வருகிறது. உங்களைக் குறிக்கும் எழுத்து, அதாவது நாளின் மேலெழுத்து, மரம் என்று வைத்துக்கொள்வோம். நீர் மரத்தை வளர்க்கும் என்பது பொதுவிதி. ஆனால் உறைபனியில் இன்னும் நீர் ஊற்றி என்ன பயன்? முதலில் வேண்டியது வெயில். அதனால் மற்ற எழுத்துகளில் நெருப்பு இருக்கிறதா என்று தேடுவார்கள். கோடையில் பிறந்தவருக்கு நீரைத் தேடுவார்கள். எந்தக் கூறு எத்தனை என்று எண்ணிமட்டும் பலன் சொல்பவரிடம் நான் போகமாட்டேன்.

அப்புறம், மாதம் மாறும் நாளிலேயே பிறந்தவர்கள் நிமிடக் கணக்கு பார்க்க வேண்டும். 'மன்செரியோக்' என்ற நாட்காட்டியில் ஜொல்கி நேரம் கொரிய நேரப்படி இருக்கும். இந்தியாவில் பிறந்தவர்கள் அதிலிருந்து மூன்றரை மணி நேரத்தைக் கழித்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். உங்களுக்கு மூன்று நாள் இடைவெளி இருப்பதால் அந்தச் சிக்கல் இல்லை.