டெர்ம் பேப்பர்: நூலகத்துக்குப் போகும் முன் சில கேள்விகள்

டெர்ம் பேப்பர் என்ற பருவ ஆய்வுக் கட்டுரை பற்றி இளங்கலை வரலாறு படிக்கும் மாணவர்கள் கேட்டவற்றில் சில கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: "பக்கிங்காம் கால்வாயின் வரலாறு" என்று தலைப்பு கொடுத்தேன். 15 பக்கத்துக்கு இது ரொம்பப் பெரிசு என்கிறார் சார். எப்படிச் சுருக்குவது?

பதில்: சார் சொல்வது சரிதான். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த வேலையிலிருந்து, கால்வாய்க்குள் நிற்கும் இன்றைய பறக்கும் ரயில் தூண்கள் வரை 15 பக்கத்தில் அடைத்தால் பாடப்புத்தகச் சுருக்கம்தான் மிஞ்சும். அதற்காகக் காலத்தை மட்டும் வெட்டினாலும் போதாது. ஒருவர் "அப்படி இல்லையே" என்று மறுக்கக்கூடிய கேள்வி ஒன்று வேண்டும்.

உங்கள் கால்வாயிலேயே அது இருக்கிறது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி 1877-78-இல், தாது வருடப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. 1877 தொடக்கத்தில், பஞ்ச நிலவரத்தைப் பார்க்க இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் நிவாரணக் கூலியைக் குறைக்க வைத்தார்: ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியத்தின் விலையும் ஓர் அணாவும். நாள் முழுக்க மண் சுமப்பவருக்கு இது போதாது என்று வாதாடினார் மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ். சில மாதங்களிலேயே கூலி உயர்ந்தது. ஏன்? கார்னிஷின் மருத்துவ வாதம் வென்றதா, பெருகிய சாவும் பத்திரிகைகளின் கூச்சலும் பணிய வைத்தனவா? 15 பக்கத்துக்கு இது தாராளம். கால்வாய் உங்களுக்கு நுழைவாசலாக இருந்தால் போதும்.

கேள்வி: ஒன்றுமே படிக்காமல் சினாப்சிஸ் (ஆய்வுத் திட்டச் சுருக்கம்) எழுதச் சொல்கிறார்கள். என்ன கிடைக்கும் என்று தெரியாமல் எப்படி எழுதுவது?

பதில்: ஒன்றுமே படிக்காமல் முடியாது. பொதுவான நூல் ஒன்றில் அந்த அத்தியாயத்தையும், முடிந்தால் ஒரு கட்டுரையையும் படித்துவிட்டு உட்காருங்கள். கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அதன் கீழே உங்கள் ஊகம். அப்புறம் எதைப் பார்த்தால் அந்த ஊகம் பொய்யாகும் என்று ஒரு வரி. பலரும் விட்டுவிடுவது இந்த மூன்றாவது வரியைத்தான். அது இல்லாமல் நூலகத்துக்குப் போனால், கண்ணில் பட்டதையெல்லாம் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு திரும்புவீர்கள். ஊகம் பின்னால் மாறினால் மாறட்டும், யாரும் மார்க்கைக் குறைக்க மாட்டார்கள்.

கேள்வி: எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குக் கட்டாயம் போக வேண்டுமா?

பதில்: இளங்கலைக்குக் கட்டாயமில்லை. போவதென்றால் துறைத் தலைவரிடம் கடிதம் கேட்கும் வேலையை முதல் வாரத்திலேயே முடியுங்கள். அனுமதி, அட்டவணையில் தேடுவது, கோப்பு கைக்கு வருவது என்று நாட்கள் ஓடிவிடும். பஞ்சத்தைப் பற்றி அச்சான மூலங்களே நிறைய உண்டு. அப்போது மெட்ராஸ் டைம்ஸ் ஆசிரியராக இருந்த வில்லியம் டிக்பி எழுதிய இரண்டு தொகுதிகள் 1878-இல் வந்தன, இணையத்திலேயே படிக்கலாம். தமிழ் அச்சு நூல்களுக்குத் தரமணி ரோஜா முத்தையா நூலகம். ஏற்கெனவே வந்த முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா என்ற இணையத் தொகுப்பு. உள்ளடக்கத்தைவிட அவற்றின் பின்பக்க நூற்பட்டியல்தான் உங்களுக்கு லாபம்.

கேள்வி: விக்கிப்பீடியா?

பதில்: படியுங்கள், அடிக்குறிப்பில் போடாதீர்கள்.

கேள்வி: கையில் ஐந்து வாரம்தான். எப்படிப் பிரிப்பது?

பதில்: கடைசியிலிருந்து எண்ணுங்கள். டைப்பிங், பைண்டிங், சார் திருத்திக் கொடுப்பது, எல்லாவற்றுக்கும் கடைசி வாரம். அதற்கு முந்தைய இரண்டு வாரம் எழுத. படிப்பதற்கு மிச்சம் இரண்டு வாரம்தான். அதைப் பார்த்த பிறகும் கேள்வி பெரிதாகத் தெரிந்தால் இன்றே சுருக்குங்கள். நடுவில் இன்டெர்னல் தேர்வு வருமே, அதையும் கணக்கில் சேருங்கள்.

கேள்வி: சாட்ஜிபிடியிடம் திட்டமும் நூற்பட்டியலும் கேட்கலாமா?

பதில்: கல்லூரி அனுமதித்தால் திட்டத்தை அதனிடம் காட்டி ஓட்டை எங்கே என்று கேட்கலாம். நூற்பட்டியல் மட்டும் வேண்டாம். இல்லாத புத்தகத்துக்கு ஆசிரியர், ஆண்டு, பதிப்பகம் எல்லாம் சேர்த்துக் கொடுத்துவிடும். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) "இந்தப் புத்தகத்தை எங்கே பார்த்தீர்கள்?" என்று கேட்பார்கள். நான் கேட்பேன்.