அடியில் பெயர் இல்லாத ஜூனி கரடி

டர்க்கைஸ் என்ற நீலப்பச்சைக் கல்லில் செதுக்கிய ஜூனி கரடிப் பொம்மையின் அடியில் செதுக்கியவர் பெயர் இல்லை, போலியா என்று கேட்டிருக்கிறீர்கள். அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், ஜூனி பூர்வகுடியினரின் ஊரில் இப்படிச் செதுக்குவது குடும்பக் கைத்தொழில். பழைய ஆட்கள் பெரும்பாலும் பெயர் பொறிப்பதில்லை. பெயர்பெற்ற ஜூனி செதுக்குநர் லீக்யா டெயூஸின் (1889–1966) வாரிசுகள் இன்றும் செதுக்குகிறார்கள். பழகிய கண் உடல்வாகைப் பார்த்தே குடும்பத்தை ஊகித்துவிடும்.

கரடியின் வாயிலிருந்து நெஞ்சுக்கு ஓடும் அம்பு போன்ற கோடு இருப்பதை நம்பிவிட வேண்டாம், போலிக்காரர்களும் அதைப் போடுகிறார்கள். நெயில் பாலிஷ் ரிமூவரில் பஞ்சை நனைத்து அடிவயிற்றில் லேசாகத் தேயுங்கள். நீலம் ஒட்டினால் சாயமேற்றிய கல். ஒட்டாவிட்டாலும் நிம்மதி வேண்டாம். செதுக்கியவர் பெயரை விற்றவரிடம் எழுத்தில் கேளுங்கள். பூர்வகுடியினர் செய்ததாகப் பொய் சொல்லி விற்பது 1990 சட்டப்படி அமெரிக்காவில் குற்றம்.