‘ஏதோ’ கேட்டிருந்தானா?

கேள்வி: கோவையில் கட்டட வடிவமைப்புக் குழு ஒன்றுக்குத் தலைவராக இருக்கிறேன். லண்டன் நிறுவனத்துக்கு ரெவிட் என்ற மென்பொருளில் கட்டட மாடல் செய்து தருகிறோம். 7 பேரும் அவரவர் ஊரில், வீட்டிலிருந்தே வேலை. தென்காசி ஜூனியர்தான் தலைவலி. அப்பாவுக்கு டயாலிசிஸ் என்று ஊரோடு போய்விட்டான். மீட்டிங்கில் கேமராவைப் போடுவதில்லை. போன வாரம் டக்ட் (காற்றுக் குழாய்) போவதற்கான ஓட்டையை, பீமில் தூணை ஒட்டி வைத்துவிட்டான். லண்டன்காரர்கள் முன்னால் மானம் போனது. நான் இரவு 10 மணிக்குத் திருத்தங்களை அனுப்பிவிட்டுத்தான் படுப்பேன். அன்று 11.30-க்கு ஏதோ கேட்டிருந்தான், காலையில்தான் பார்த்தேன். கண்காணிப்பு மென்பொருள் போடலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்: என்ன கேட்டான், தம்பி? கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டேன். கேமரா இருக்கிறது, உங்கள் மானம் இருக்கிறது. அந்தக் கேள்வி மட்டும் ‘ஏதோ’ ஆகிவிட்டது. ஓட்டையை எங்கே வைப்பது என்றுதான் கேட்டிருப்பான் என்று என் மனசு சொல்கிறது. எடுத்துப் பாருங்கள்.

தூண் பக்கம் ஷியர், அதாவது பீமை வெட்டப் பார்க்கும் விசை, அதிகம்; அங்கே பீமைத் துளைக்காதே, நடுவே தள்ளு. இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். ஒரே அறையில் இருந்திருந்தால் நாற்காலியைத் திருப்பிக் கேட்டிருப்பான், நீங்களும் பென்சிலால் கோடு போட்டுக் காட்டியிருப்பீர்கள். நீங்கள் தொழில் கற்றதும் அப்படித்தானே? அந்த நாற்காலியை எடுத்துவிட்டு, அவனுக்கு அங்கே என்ன வைத்தீர்கள்?

கோடையில் லண்டனில் மாலை 5.30 என்றால் நமக்கு இரவு 10. அவர்கள் வீட்டுக்குக் கிளம்பும்போது தள்ளிவிட்டதை நீங்கள் அப்படியே அவன் தலையில் தள்ளிவிட்டுப் படுத்துக்கொள்கிறீர்கள். அவன் யாரிடம் தள்ளுவான்? பகலெல்லாம் அப்பாவோடு ஆஸ்பத்திரியில் காத்திருந்துவிட்டு வந்து மாடலைத் திறக்கிற பிள்ளை அவன்.

கண்காணிப்பு மென்பொருள் வேண்டவே வேண்டாம். மவுஸ் அசைந்த கணக்கை வைத்துக்கொண்டு எந்த பீமைச் சரிசெய்யப் போகிறீர்கள்?

அப்புறம், ‘ஊரோடு போய்விட்டான்’ என்று குறையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கோபமே வந்தது. பெற்றவருக்கு முடியாதபோது பக்கத்தில் போய் நிற்கிறவனை நம்பித்தான் நான் வேலையை ஒப்படைப்பேன். வேலைக்கு வைத்தவருக்கும் அந்த வீட்டின் மேல் ஒரு கடமை உண்டு.

லண்டன் காலை 9 மணிக்கு நமக்கு மதியம் 1.30, குளிர்காலத்தில் 2.30. அதிலிருந்து மாலை வரை இரண்டு பக்கமும் ஆள் இருப்பார்கள். திருத்தங்களை அந்த நேரத்துக்குள் கேட்டு வாங்குங்கள். ராத்திரி வந்தால் உங்களிடமே இருக்கட்டும். காலையில் நீங்கள் முதலில் படித்து, ஸ்கிரீன் ஷேரில் அவனோடு உட்கார்ந்து பேசிக் கொடுங்கள். டயாலிசிஸ் நாளில் அவனுக்கு மீட்டிங் வைக்காதீர்கள். இதையெல்லாம் லண்டனுக்குச் சொல்ல வேண்டியவர் நீங்கள். அந்த ஓட்டைக்கும் உங்கள் பெயரில்தான் வருத்தம் தெரிவிக்க வேண்டும், வெளியே போகுமுன் மாடலைப் பார்க்க வேண்டியது உங்கள் வேலை.

இன்று மாலை அவனைக் கூப்பிடுங்கள். அப்பா எப்படி இருக்கிறார் என்று முதலில் கேளுங்கள். பிறகு அந்த 11.30 மணிக் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.