குளத்தை மூடிய சம்பு: கிழங்கைப் பிடுங்குங்கள்

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் உள்ள உங்கள் வீட்டுத் தோட்டக் குளத்தில் முக்கால்வாசியை யானைக்கோரை என்கிற சம்பு மூடிவிட்டது, வெட்ட வெட்டத் தழைக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். மேலே மட்டும் வெட்டினால் அப்படித்தான் ஆகும். அதன் உயிர் சேற்றுக்குள் ஓடும் கிழங்கில் இருக்கிறது.

நல்லவேளை, இப்போது ஜூலை. டர்பனில் மழை குறைந்த காலம், தண்ணீரும் இறங்கியிருக்கும். செப்டம்பர் வாக்கில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டத் தொடங்கிவிடும், அப்புறம் கை வைக்க மனசு வராது.

அடியில் பிளாஸ்டிக் விரிப்பு இருந்தால் மண்வெட்டி வேண்டவே வேண்டாம். எங்கள் குளத்தில் ஒரே கொத்தில் விரிப்பு கிழிந்து, மறுநாள் காலையில் பாதித் தண்ணீர் இல்லை. கையுறை போட்டு, விரல் கனத்தில் கூர்முனையோடு ஓடும் அந்த வெள்ளைக் கிழங்கைத் தடவிப் பிடித்து மெதுவாக இழுங்கள். ஒரு துண்டு தங்கினாலும் மறுபடி முளைக்கும். கைக்கு எட்டாத இடத்தில், காய்ந்த தண்டையும் சேர்த்து, நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே அறுத்துவிடுங்கள். தண்டு வழியாகத்தான் கிழங்குக்குக் காற்று போகிறது. வெட்டுவாய் மூழ்கியே இருந்தால் கிழங்கு அழுகிவிடும்.

மூன்றில் ஒரு பங்கை அப்படியே விடுங்கள். பிடுங்கியதைக் கரையிலேயே இரண்டு நாள் போட்டு வைத்தால் ஒட்டியிருக்கும் தவளை, பூச்சியெல்லாம் தண்ணீருக்குத் திரும்பிவிடும். ஓடையில் மட்டும் வீசாதீர்கள், சரியா?