மகளின் வேகம் குறைந்துவிட்டது, திறமை போய்விட்டதா?

கேள்வி: என் மகளுக்குப் பதினைந்து வயது, பத்தாம் வகுப்பு படிக்கிறாள். ஏழாவது படிக்கும்போது மாவட்டப் போட்டியில் 600 மீட்டரில் முதலிடம். மினி மாரத்தான்களில் பெரிய பெண்களையே முந்தி வந்தாள். பார்த்தவர்கள் எல்லோரும் "இந்தியாவுக்கே ஓடுவா" என்றார்கள். இப்போது 1500, 3000 மீட்டர் ஓடுகிறாள். ஒன்றரை வருடமாக டைமிங்கில் முன்னேற்றமே இல்லை, போன சீசனில் இன்னும் மோசம். கோச், "வெயிட் போட்டுவிட்டாள், ராத்திரி சாப்பாட்டை நிறுத்துங்கள்" என்கிறார். சின்ன வயதில் வரும் திறமை, வயதுக்கு வந்த பிறகு நிற்காதா? பத்தாம் வகுப்பைக் காரணம் காட்டி ஓட்டத்தை நிறுத்திவிடலாமா என்று அவள் அப்பா கேட்கிறார்.
- ஒரு வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரி,

முதலில் அந்த ராத்திரிச் சாப்பாடு, மற்றதெல்லாம் அப்புறம். கோச் சொன்னார் என்று நிறுத்தியிருந்தால் இன்றைக்கே திரும்பக் கொடுங்கள். மாலையில் கிரவுண்டில் ஓடிவிட்டு வரும் பெண் பசியோடு படுக்கக் கூடாது. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

திறமை எங்கும் போகவில்லை. உங்கள் மகளுக்கு நடப்பது, அந்த வயதில் ஓடும் பெண்கள் பலருக்கும் நடப்பதுதான். பன்னிரண்டு வயது வரை பையன்களுக்கும் பெண்களுக்கும் ஓட்டத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. அதற்கப்புறம் பையன்களுக்குத் தசை கூடுகிறது, ஹீமோகுளோபின் ஏறுகிறது. எல்லாமே வேகத்துக்குச் சாதகம். பெண்களுக்கு இடுப்பு அகல்கிறது, உடலில் கொழுப்பின் பங்கு கூடுகிறது, உயரம் மளமளவென்று ஏறுவதால் பழகிய கால்வீச்சு மாறிப்போகிறது. மாதவிடாயில் இரும்புச்சத்து வேறு குறைகிறது. இதயமும் நுரையீரலும் முன்பைவிட நன்றாகவே வளர்ந்திருக்கும். ஆனால் இந்தப் புது உடம்போடு ஓட அவள் இன்னும் பழகவில்லை. அதனால் பதின்மூன்றிலிருந்து பதினாறு, பதினேழு வரை டைமிங் அப்படியே நிற்பதும், கொஞ்சம் பின்னால் போவதும் சகஜம். அதைப் பொறுமையாகக் கடந்தவர்கள் மறுபடி வேகம் எடுக்கிறார்கள். நெடுந்தூர ஓட்டத்தில் பெண்கள் உச்சத்துக்கு வருவது பெரும்பாலும் இருபதுகளின் பிற்பகுதியில். மாரத்தான் என்றால் முப்பதைத் தாண்டியும்.

ஏழாம் வகுப்பு வெற்றியையும் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும். அந்த வயதில் நீண்ட ஓட்டங்களில் முன்னால் வருபவர்கள் பலர் இன்னும் வயதுக்கு வராத, ஒல்லியான பெண்கள். பின்னால் வந்தவர்களில் சிலர், உங்கள் மகள் இன்றைக்கு இருக்கும் கட்டத்தில் அன்றைக்கே இருந்திருப்பார்கள். அவள் வாங்கிய மெடல் பொய் என்று சொல்லவில்லை. அதை வைத்து இருபத்தைந்து வயதைக் கணிக்க முடியாது, அவ்வளவுதான். ஜெர்மன் ஆய்வாளர் ஆர்னே கூலிச்சும் அவருடைய சகாக்களும் பல விளையாட்டுகளைச் சேர்ந்த 6,000க்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வெளியிட்டார்கள். உலகத் தரத்துக்கு வந்தவர்கள் சிறுவயதில் பல விளையாட்டுகளை ஆடியவர்களாகவும், ஆரம்பத்தில் மெதுவாக முன்னேறியவர்களாகவும் இருந்தார்கள் என்பதுதான் அதில் தெரிந்தது.

பிரிட்டனின் மாரத்தான் வீராங்கனை பவுலா ராட்க்ளிஃபைப் பாருங்கள். 1986இல், 12 வயதில், இங்கிலாந்தின் தேசிய அளவிலான கிராஸ் கன்ட்ரி (டிராக்கில் இல்லாமல் புல்வெளி, மேடுபள்ளங்களில் ஓடும் ஓட்டம்) போட்டியில் சுமார் 600 சிறுமிகளோடு ஓடி 299வது இடத்தில் வந்தார். அடுத்த வருடம் 4வது இடம். 2003 லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 விநாடிகளில் முடித்தார். அந்த உலக சாதனையை 16 ஆண்டுகளுக்கு யாரும் தொடவில்லை. சின்ன வயதில் ஜொலித்தவர்கள் எல்லோரும் மங்கிவிடுவார்கள் என்றும் சொல்ல முடியாது. கென்யாவின் ஃபெய்த் கிப்யேகோன் 17 வயதில் உலக ஜூனியர் கிராஸ் கன்ட்ரியை வெறுங்காலோடு ஓடி வென்றவர். ரியோ, டோக்கியோ, பாரிஸ் என்று மூன்று ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் தங்கம் வாங்கினார். நடுவில் ஒரு குழந்தைக்கும் தாயானார்.

உங்களை நான் யோசிக்கச் சொல்வது அமெரிக்காவின் மேரி கெயின் பற்றி. 2013இல், 17 வயதில், மாஸ்கோவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் 1500 மீட்டர் இறுதிப் போட்டி வரை ஓடிய பெண். அடுத்த வருடம் உலக ஜூனியர் 3000 மீட்டர் தங்கம். நைக்கி நிறுவனத்தின் பயிற்சிக் குழுவில் சேர்ந்தார், நாட்டிலேயே சிறந்த குழு என்று அன்றைக்குப் பேர். 2019இல் அவரே வெளிப்படையாகப் பேசினார்: எடையைக் குறை, இன்னும் குறை என்று ஓயாமல் நெருக்கினார்கள், மற்றவர்கள் முன்னால் எடை பார்த்து அவமானப்படுத்தினார்கள், மூன்று வருடம் மாதவிடாய் வரவில்லை, ஐந்து எலும்புகள் முறிந்தன. அவருடைய திறமையை யாரும் சந்தேகப்படவில்லை. அதைத் தாங்க வேண்டிய உடம்பைத்தான் யாரும் காப்பாற்றவில்லை. இதைப் படித்த நாளிலிருந்து, வளரும் பெண்ணிடம் யாராவது "வெயிட்" என்று சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

பெண்களுக்கு எலும்பின் பலத்தில் சுமார் 90 சதவீதம் 18 வயதுக்குள்ளேயே சேர்ந்துவிடுகிறது. ஓடிச் செலவழிக்கும் அளவுக்குச் சாப்பாடு இல்லையென்றால், உடம்பு முதலில் மாதவிடாயை நிறுத்தும். எலும்பைக் காக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறையும், எலும்பு மெலியும். அந்த வருடங்களில் சேராதது பிற்பாடு முழுசாகச் சேராது. இன்னும் கொடுமை என்னவென்றால், சாப்பாட்டைக் குறைத்ததும் சில மாதங்களுக்கு டைமிங் நன்றாக வரக்கூடும். எல்லோரும் பாராட்டுவார்கள். அப்புறம்தான் எலும்பில் விரிசல் விழும்.

ஆகவே ஸ்டாப்வாட்சை விட்டுவிட்டு இதையெல்லாம் பாருங்கள். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? மூன்று மாதம் வராவிட்டாலும், இதுவரை தொடங்கவே இல்லை என்றாலும், "ஓடுற பொண்ணுக்கு அப்படித்தான்" என்று விடாமல் மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினோடு, உடம்பில் சேமித்துள்ள இரும்பின் அளவைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புச் சேமிப்பு காலியாகியிருக்கலாம், டைமிங் மோசமானதற்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம். மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். கால் வலிக்கிறது என்றால், முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் இருக்கும் எலும்பை விரலால் மெதுவாக அழுத்திக்கொண்டே வாருங்கள். நீளவாக்கில் பரவலாக வலித்தால் பெரும்பாலும் தசை சார்ந்த வலி. ஒரே புள்ளியில் சுருக்கென்று வலித்தால் ஓட்டத்தை அன்றோடு நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமலும் போகும், எம்ஆர்ஐ தேவைப்படலாம்.

சாப்பாட்டில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. கிரவுண்டிலிருந்து வந்த உடனே வாழைப்பழம், பால், சுண்டல், முட்டை என்று ஏதாவது. அப்புறம் வயிறார ராத்திரிச் சாப்பாடு. கீரையோடு கொஞ்சம் எலுமிச்சை. டீ, காபியைச் சாப்பாட்டோடு சேர்க்காமல் ஒரு மணி நேரம் தள்ளி.

கோச்சோடு சண்டை வேண்டாம். அவரும் அவள் ஜெயிக்க வேண்டும் என்றுதான் சொல்கிறார். நேரில் போய், "சார், அவகிட்ட வெயிட்டப் பத்திப் பேச வேண்டாம், எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லுங்க" என்று சொல்லிவிடுங்கள். அதையும் மீறி அவர் அதே பேச்சைத் தொடர்ந்தால், எவ்வளவு பெரிய கோச்சாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் கோச் பேசுகிறார், அப்பா பேசுகிறார், பார்த்தவர்களும் பேசுகிறார்கள். மகள் என்ன சொல்கிறாள் என்பது மட்டும் இல்லை. அவளுக்கு ஓடப் பிடித்திருக்கிறதா, இல்லை "இந்தியாவுக்கே ஓடுவா" என்ற பேச்சுக்காக ஓடுகிறாளா என்று தனியாக உட்கார்ந்து கேளுங்கள். போதும் என்று அவளே சொன்னால் விட்டுவிடலாம், அதில் ஒரு நஷ்டமும் இல்லை.

ஓட வேண்டும் என்றால், பத்தாம் வகுப்புக்காக அடியோடு நிறுத்தத் தேவையில்லை. சிறுமியாகப் பள்ளிப் போட்டிகளில் ஜெயித்த பிரிட்டனின் கெல்லி ஹோம்ஸ், 18 வயதில் ராணுவத்தில் சேர்ந்து சில ஆண்டுகள் டிராக்கை விட்டே விலகியிருந்தவர். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 34 வயதில் 800, 1500 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கினார். ஒரு வருடம் குறைவாக ஓடுவதால் உங்கள் மகளுக்கு எதுவும் கைநழுவிப் போகாது. வாரத்தில் மூன்று நாள், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் ஓடட்டும். இன்னொரு நாள் கபடியோ பேட்மிண்டனோ, அவளுக்குப் பிடித்த ஏதாவது விளையாட்டு. இந்த சீசனில் போட்டிகளுக்குப் பெயர் கொடுக்க வேண்டாம். பொதுத்தேர்வு முடிந்ததும் கோடை வெயிலில் அவசரப்பட்டுக் கடுமையான பயிற்சியில் இறக்காமல், ஜூன் மாதத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டச் சொல்லுங்கள்.